பதிவேட்டின்படி மரம்

காந்தம் தொண்ணூற்று மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சுருள்காரர் அதன் பின்பக்கம் போனார். போனவர் வெளியே வரவில்லை.

அவர் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து ஒன்பது வருஷம். அதற்கு முன்னால் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. எரிந்துபோன பம்புகளையும் மின்விசிறிகளையும் பிரித்துக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை. சுருள்காரர் என்றே ஆகிப்போனது. காந்தத்துக்கான கம்பியை, கண்ணாடி நாடா சுற்றி, பசை தடவி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நகம் நுழையாதபடி நாற்பத்தோராயிரம் சுற்று சுற்றினார். நாலு வருஷம் ஆனது. நடுவில் ஒரு தூசு மாட்டினாலும், கம்பி ஒரு மயிரிழை நகர்ந்தாலும், அந்த இடம் சூடேறி மொத்தக் காந்தமும் செத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த நாலு வருஷமும் அவர் தும்மலைக்கூட வெளியே போய்த்தான் தும்மினார்.

சுற்றி முடித்த சுருளைத் திரவ ஹீலியத்தில் முக்கினார்கள். அந்தக் குளிரில் கம்பி மின்சாரத்தைத் தடுப்பதையே மறந்துவிடும். ஒரு தடவை ஏற்றி, முனைகளைச் சேர்த்துவிட்டால் போதும். வெளியிலிருந்து எதுவும் கொடுக்காமலே மின்சாரம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். காந்தம் காந்தமாகவே இருக்கும். இப்படி நூறு நாள் நிற்காமல் ஓடினால் உலக அமைப்பு ஒன்று பட்டயம் தருவதாக இருந்தது. அதற்காக ஆராய்ச்சிகளை எல்லாம் ஒத்திவைத்துவிட்டார்கள். ஆராய்ச்சி செய்தால் காந்தத்துக்குத் தொந்தரவு.

அந்தத் திங்கட்கிழமை விழாவுக்கு ஒத்திகை. காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. அதன் கடைசியில் ஹீலியம் அளவுகாட்டி. தினமும் பத்து மணிக்கு அதைப் பார்த்து எழுதுவது சுருள்காரரின் வேலை. அவர் பென்சிலும் நோட்டுமாக உள்ளே நிற்கும்போது, இயக்குநர் நின்று பேசுவதற்கான போடியத்தை இரண்டு உதவியாளர்கள் தூக்கிவந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே முத்திரை பதித்த பலகை வைத்த, கதவு அகலப் போடியம். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் அது இவர்கள் கையைவிட்டு விலகித் தானாக வழுக்கிக்கொண்டு போனது. டங்கென்று ஒரு சத்தம். சந்தின் வாயை அடைத்தபடி காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. மேலே குழாய்கள், கீழே ஒரு கை நுழையும் சந்து, பக்கத்தில் நாலு விரல் இடைவெளி. வேறு வழி இல்லை.

இயக்குநர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா பொருந்தியிருக்கே. விழா அன்னிக்கும் அங்கேயே வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறுதான் வந்தது. பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொருள் பதிவேட்டை விரித்தார்.

"போடியம், ஒன்று. தேக்கு மரம். இரும்பு, இல்லை" என்று படித்தார். "சுருள்காரரே, கேக்குதா? இது மரம். மரம் காந்தத்துல ஒட்டாது."

"ஒட்டியிருக்கே சார்."

"அதான் சொல்றேன், ஒட்டாது. அதனால நீங்க சிக்கிக்கல. நீங்க வெளிய வரல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

சுருள்காரர் நாலு விரல் இடைவெளியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அதிகாரி விளையாடவில்லை.

"காந்தத்துல ஓடற மின்சாரத்த இறக்கிடலாமே சார். பதமா இறக்கினா ஆறு மணி நேரம். நானே சொல்லித் தர்றேன்."

"தொண்ணூத்தி மூணாவது நாளாச்சே!" என்று பதறிப்போனார் அதிகாரி. யாரோ அவர் குழந்தையைக் கிணற்றில் போடச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

மாலைக்குள் ஒரு பொருள் ஆய்வுக் குழு போட்டார்கள். குழு, போடியத்தைச் செய்த தச்சரை அழைத்தது. தச்சர் எட்ட நின்றே பார்த்துவிட்டு, "உள்ள இரும்புச் சட்டம்ங்க. நான்தான் போட்டேன். வெறும் மரம்னா ஐயா சாயற பாரத்தத் தாங்காதுன்னு சொன்னாங்க" என்றார். குழு தீவிரமாக யோசித்தது. இது மரம் மட்டுமே என்று போன வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இதே தச்சர். இன்று சொல்வது உண்மையானால் அன்று எழுதியது பொய். பொய் எழுதுகிறவரின் சாட்சியத்தை ஏற்க முடியாது. ஆகவே இன்று சொல்வது பொய். ஆகவே போடியம் மரம். தச்சருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

சாப்பாடும் தண்ணீரும் இடைவெளி வழியாக வந்தன. மேலே குழாய்களுக்கு நடுவே இறக்க, பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்கு ஒப்புதல் வாங்க மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுருள்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. 'மேற்படி நபர் நேற்று மாலை வெளியேறும் பதிவைச் செய்யாததாலும், இன்று காலை நுழையும் பதிவைச் செய்யாததாலும், தாம் எந்த நாளில் இருக்கிறார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' கூடவே ஒரு பேனா. பேனா மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் உதவியாளரின் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து காந்தத்தில் அப்பிக்கொண்டது. சுருள்காரர் பென்சிலால் 'செவ்வாய்' என்று எழுதி அனுப்பினார். பென்சிலால் எழுதியது செல்லாது என்று திரும்பி வந்தது.

மத்தியானம் இளம் விஞ்ஞானி ஒருத்தி வந்தாள். அவளிடம் அவருக்கு நம்பிக்கை இருந்தது. சுருள் சுற்றிய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சரிபார்த்தவள்.

"அண்ணா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேம்மா. நீயாவது சொல்லு அவங்ககிட்ட."

"சொன்னேண்ணா. என்னை ஒத்திவைப்புப் பிரிவுக்கு மாத்திட்டாங்க." இடைவெளிக்கு இன்னும் கிட்டே வந்தாள். "ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள இருக்கற வரைக்கும் மணிக்கு ஒரு தடவ அளவு எழுதித் தர முடியுமான்னு கேக்கச் சொன்னாங்க."

சும்மா இருப்பதற்கு அதுவாவது ஆகட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. மணிக்கொரு அளவு இவ்வளவு ஒழுங்காக இதுவரை வந்ததே இல்லை. மாலைக்குள் 'உள்ளுறை அளவீட்டாளர்' என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி, அதில் அவரை அமர்த்தி, உத்தரவை இடைவெளி வழியாக நீட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி கை தட்டினார்.

"இனிமே நீங்க வெளிய வரணும்னா அது பணி மாற்றம். உங்களுக்குப் பதிலா ஒரு ஆள் உள்ள போகணும்."

"உள்ள எப்படி சார் போவாங்க? வழிதான் அடைச்சிருக்கே."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு.

வாளிக்காகவும் வழிக்காகவும் சுருள்காரர் கவலைப்பட்டது கொஞ்சம்தான். அவர் மனசெல்லாம் வியாழக்கிழமை பதினொரு மணியில் இருந்தது. அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டை வந்து அளந்தார்கள், ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். கடைசியில் போன மாதம் கடிதம் வந்தது. ஐந்து வயசுப் பெண் குழந்தை. வியாழன் காலை பதினொரு மணிக்குக் கணவனும் மனைவியும் நேரில் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மணிக்கொரு தரம் அளவைப் பார்த்ததோடு அதையும் பார்த்துக்கொண்டார்.

மனைவிக்குத் திங்களன்று 'அலுவல் நிமித்தம் தங்கியிருக்கிறார்' என்று தொலைபேசியில் சொன்னார்கள். செவ்வாயன்று வரவேற்பறையில் உட்காரவைத்தார்கள். புதனன்றுதான் உள்ளே விட்டார்கள். தையல் வேலை செய்கிறவள். வாசலில் கத்தரிக்கோல், ஊசி டப்பா, கைவிரல் கவசம், தலையில் இருந்த ஏழு கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவிழ்ந்த தலையோடு இடைவெளியில் முகத்தை வைத்தாள்.

"என்னங்க."

"வந்துட்டியா."

"என்னங்க இது, இப்படி உக்காந்திருக்கீங்க? யாரு வெச்சாங்க இதை?"

"யாரும் வெக்கலயாம். அது ஒட்டவே இல்லயாம்."

அவள் போடியத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். அவர் ஒருத்தரிடம் பேசினாலும் ஆயிரம் பேரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்.

"அம்மா, உங்க கணவர் இன்னிக்கு எங்க இருக்காருன்னு நெனச்சுப் பாருங்க. உலகத்துலயே சக்தி வாய்ந்த காந்தங்கள்ல ஒண்ணுக்குப் பின்னால! நானே அவ்வளவு கிட்ட போனதில்ல. இந்தக் காந்தம் எதுக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. நான் சொல்றேன், எதுக்குங்கறது முக்கியமில்ல. நிக்காம ஓடுது பாருங்க, அதான் முக்கியம். பிடிச்சதை விடாது. இந்த நிறுவனமும் அப்படித்தான். நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினெட்டு வருஷமாச்சு."

"ஐயா, நாளைக்குப் பதினொரு மணிக்கு எங்களுக்குக் குழந்தை வருது."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் இயக்குநர். "பட்டயம் வாங்கற அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க."

வியாழன் காலை எட்டரைக்கு அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கொண்டை ஊசி இல்லை. துணி அளக்கிற மரக்கோல் மட்டும் கையில் இருந்தது. வாசல்காரர் தடவிப் பார்த்து, "மரம்தானே, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

காந்தக் கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்புப் பொத்தான். மேலே 'ஆள் சிக்கிக்கொண்டால் மட்டும் அழுத்தவும்' என்று எழுதியிருந்தது. அதை நேற்றே பார்த்து வைத்திருந்தாள்.

"அதை அழுத்தினா என்னாகும்?" என்று இடைவெளியில் கேட்டாள்.

"காந்தம் ஒரே மூச்சுல செத்துடும். ஹீலியம் பூரா கொதிச்சுக் கூரைக் குழாய் வழியா வெளிய போயிடும். பெரிய சத்தம் வரும், பயப்படாதே." சுருள்காரர் நிறுத்தினார். "சில சமயம் சுருள் கருகிடும்."

"நீங்க சுத்தினதா?"

"ஆமா."

அவர் காந்தத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெளி உறை அறையின் சூட்டில்தான் இருந்தது. நாற்பத்தோராயிரம் சுற்றும் அந்தத் தகடுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தன. அதில் ஒரு சுற்றுகூட அவருக்குத் தெரியாதது இல்லை.

"அழுத்தவா?" என்றாள் மனைவி.

பாதுகாப்பு அதிகாரி அப்போதுதான் உள்ளே வந்தார். "அம்மா! அதுக்குப் படிவம் இருக்கு! சிக்கின ஆளோட பேரு எழுதணும், யாரும் சிக்கலயே!"

"அழுத்து" என்றார் சுருள்காரர்.

மரக்கோலின் முனையால் ஒரே குத்து. கண்ணாடி உதிர்ந்தது. அவள் கட்டை விரலால், பொத்தான் துளை தைக்கிறவளின் நிதானத்தோடு, அழுத்தினாள்.

காந்தம் ஒரு தடவை உறுமியது. பிறகு கூரைக் குழாயில் புயல் அடிப்பது போல ஓர் இரைச்சல். சுருள்காரர் சுவரோடு சாய்ந்து காதைப் பொத்திக்கொண்டார். பேனா பொத்தென்று தரையில் விழுந்தது. போடியம் கொஞ்சம் தள்ளாடி, ஒரு சாதாரண மேசையாகி நின்றது. அவர் அதை இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கால் மரத்திருந்தது. மனைவி அவர் சட்டையைத் தட்டிவிட்டாள். வெளியே வளாகத்தில் நின்றவர்கள் கூரையிலிருந்து எழும்பிய வெள்ளைப் புகையைப் பார்த்து, விழாவுக்கான ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பத்து ஐம்பதுக்குத் தத்து அலுவலகத்தில் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, வேலை செய்யுமிடத்தை உறுதிசெய்ய நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டார். கேட்கக் கேட்க அவர் புருவம் ஏறியது.

"நீங்க உள்ள இருக்கீங்களாம்."

"எங்கம்மா?"

"காந்தத்துக்குப் பின்னால. உத்தரவு எண்ணோட சொல்றாங்க. உள்ளுறை அளவீட்டாளராம். அந்த இடத்தை விட்டு நகர முடியாதாம்."

"இதோ உங்க எதிர்லதானே இருக்கேன்!"

"நான் பாக்கறேன். எனக்குத் தெரியுது. ஆனா நாளைக்கு ஒருத்தர் இந்தக் கோப்பைத் தொறந்தா, இவர் அன்னிக்கு அங்க இருந்தாரே, இங்க கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. குழந்தை விஷயம் சார்." அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் அடுத்தவங்களுக்கு அனுப்பாம வெச்சிருக்கேன். அதுக்குள்ள வெளிய வந்துட்டதா ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

திரும்பும்போது அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். முன் பல் ஒன்று இல்லை. இவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் இவர்களைப் பார்க்கவில்லை.

நிறுவனத்தில் அதற்குள் குழு கூடி முடித்திருந்தது. போடியம் மரம். ஆகவே யாரும் சிக்கவில்லை. சிக்கினால் மட்டுமே அழுத்தக்கூடிய பொத்தானை, யாரும் சிக்காதபோது அழுத்தியிருக்க முடியாது. ஆகவே அது அழுத்தப்படவில்லை. ஆகவே காந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. காந்தத்தின் சக்தியைக் காட்டும் திரையில் பூஜ்யம் தெரிந்ததால், புதன்கிழமை எடுத்த அதன் புகைப்படம் ஒன்றை மேலே ஒட்டியிருந்தார்கள். கூடத்தில் காந்தம் வியர்த்துக்கொண்டு, தரையெல்லாம் தண்ணீராக நின்றது.

"ஒரு கடிதம் குடுங்க ஐயா. வெளிய வந்துட்டேன்னு ரெண்டு வரி" என்று இயக்குநரிடம் கேட்டார் சுருள்காரர்.

"தாராளமா. ஆனா பாருங்க தம்பி, உள்ள இருக்கறவரு வெளிய வந்தாத்தான் வெளியேற்றக் கடிதம். நீங்க வெளிய நிக்கறீங்க. வெளிய நிக்கறவரை எப்படி வெளியேத்தறது?"

சுருள்காரர் தலையைச் சொறிந்தார். இயக்குநர் அன்பாகச் சிரித்தார்.

"திங்கக்கிழமை நூறாவது நாள். மேடையிலயே உங்களை முறைப்படி வெளிய கூட்டிட்டு வர்றோம். கடிதத்தையும் அங்கேயே தர்றேன். அதுவரைக்கும் உங்க இடத்துல இருங்க."

அவர் உள்ளே போனார். ஒருக்களித்து, அதே சந்தில், அதே அளவுகாட்டிக்குப் பக்கத்தில். இரண்டு உதவியாளர்கள் போடியத்தை நகர்த்தி வைத்து வாயை அடைத்தார்கள். இந்தத் தடவை டங்கென்று சத்தம் வரவில்லை. ஒரு விரலால் தள்ளினால் விலகியிருக்கும். அவர் தள்ளவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை இருந்ததைவிட இந்த நாலு நாள்தான் அவருக்கு மூச்சு முட்டியது. முன்பு ஒரு காந்தம் பிடித்து வைத்திருந்தது. இப்போது அவரையே அவர் பிடித்துவைத்துக்கொண்டிருந்தார். ஹீலியம் அளவு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். 'திருத்தவும்' என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை அவர் எண்பத்திரண்டு சதவீதம் என்று எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்து, வெகு நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விழா மூன்று மணிக்குத் தொடங்கியது. கூடம் நிறைய ஆட்கள். பட்டயம் தர வந்த உலக அமைப்பின் பிரதிநிதி முன்வரிசையில் இருந்தார். இரும்பு நாற்காலிதான், அது அசையாமல் தரையில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் 'உள்ளுறை அளவீட்டாளர் வெளியேறுதல்' ஏழாவது, நாலரை மணி. மூன்றாவதாக இயக்குநர் பேச வந்து போடியத்தில் சாய்ந்தார். சுருள்காரருக்கு இடைவெளி வழியாக அவர் முதுகு தெரிந்தது.

"இந்த நூறு நாள்ல இந்தக் காந்தம் ஒரு நொடி ஓய்ஞ்சதா? இல்ல! யாரையாவது எதையாவது தொந்தரவு பண்ணுச்சா? இல்ல! ஒரு ஆராய்ச்சிக்குக் கூட இது எடம் கொடுக்கல! இதோ, இப்ப என் பின்னால முழு சக்தியோட…"

மணி மூன்று இருபத்தைந்து. இயக்குநர் தம் பள்ளிப் பருவத்துக்குள் இப்போதுதான் நுழைந்திருந்தார். நாலரை என்பது ஆறரையாகும் என்று சுருள்காரருக்குப் புரிந்தது. ஐந்து மணிக்கு அந்த அம்மாள் கோப்பை அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். அவருக்குத் தாழ்வாரத்தில் பார்த்த காலுறை ஞாபகம் வந்தது.

போடியத்தின் ஓரத்தில் கையை வைத்துத் தள்ளினார். அது நகர்ந்தது. சாய்ந்திருந்த இயக்குநரும் கூடவே ஓர் அடி நகர்ந்தார், பேச்சு நிற்கவில்லை. சுருள்காரர் ஒருக்களித்து வெளியே வந்து, நடுக்கூடம் வழியாக நடந்தார். முன்வரிசை அவரைப் பார்த்தது. பிறகு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தது. மூன்றாவதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடி மேடையைப் பார்த்தது.

வாசல் மேசையில், காலையிலேயே கையெழுத்தான வெளியேற்றக் கடிதம் தட்டில் தயாராக இருந்தது. எடுத்தார். பக்கத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரி வியர்த்துப்போனார்.

"சுருள்காரரே, நீங்க இன்னும் உள்ள இருக்கீங்க" என்றார், காதோடு.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

மனைவி தத்து அலுவலக வாசலில் காத்திருந்தாள். மூன்று ஐம்பதுக்கு இருவரும் அந்த மேசைக்கு முன்னால் நின்றார்கள். அம்மாள் கடிதத்தை ஒரு தடவை படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு முப்பதுக்கு வெளியேறினார்னு இருக்கு."

"ஆமாம்மா."

"மணி இப்ப மூணு அம்பதுதான் ஆகுது. இன்னும் நாப்பது நிமிஷம் நீங்க உள்ள இருக்கீங்க." ஒரு கணம் யோசித்தார். எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்து, சிறுமியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். "நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுக்கலாம். அதுவரைக்கும் மூணு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். சிறுமி நடுவில். அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சுருள்காரரின் மனைவியைப் பார்த்து, "நாம எதுக்கு உக்காந்திருக்கோம்?" என்று கேட்டாள்.

"அப்பா இன்னும் வெளிய வரல. வந்ததும் வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்பா யாரு?"

"இதோ, இவருதான்."

சிறுமி திரும்பினாள். கசங்கிய சட்டையையும், எட்டு நாள் தாடியையும், மடியில் இருந்த கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு விரலால் அவர் முழங்கையைக் குத்திப் பார்த்தாள்.

"வந்துட்டாரே" என்றாள்.

அம்மாள் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம்" என்றார்.